நீச்சற் கழகங்களும் வருகையாளர் கட்டணமும்

புனலாடல் தமிழர்க்குப் புதியதன்று. வையைப் பெருக்கில் மதுரை மாந்தர் திரண்டு நீராடிய காட்சியைப் பரிபாடல் விரிவாகத் தருகின்றது. ஈழத்தில் அநுராதபுரத்துக் குட்டம் பொக்குண, பொலநறுவையில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் காலத்துக் குமார பொக்குண, யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணி ஆகியன நீராட்டின் பழைமைக்குச் சான்று பகர்வன. துறவியர்க்கு ஒரு குளமும், அரசர்க்கு ஒரு குளமும், குடிகளுக்கு ஆறும் என்ற வேறுபாடு அன்றும் இருந்தது. ஆயினும், இன்னாருடைய விருந்தினர் என்று வாயிலில் வைத்திருக்கும் ஏட்டிற் பெயரைப் பதிந்து, அதற்கென விதிக்கப்பட்ட தொகையைச் செலுத்தியபின் நீரில் இறங்கும் வழக்கம் முற்றிலும் வேறானது. அது பிரித்தானிய ஆட்சியோடும், அவ்வாட்சியாளர் சென்றவிடமெல்லாம் உடன் கொண்டு சென்ற கழகம் என்னும் நிறுவனத்தோடும் வந்தது.

வருகையாளர் கட்டணம் பொதுவாகச் சிறு தொகை. கழகத்தின் ஆண்டு வரவுசெலவுக் கணக்கில் அது கடைசி வரிகளுள் ஒன்றாகவே இடம்பெறும். இத்துணை அற்பமான ஒரு தொகை வரலாற்று மாணவனின் கவனத்துக்கு உரியதாவது ஏன் என்ற வினா எழுதல் இயல்பே. தொகை எவ்வளவு என்பதைவிட, எவருடைய பணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, எவருடைய பணம் நீட்டியபோதும் மறுக்கப்பட்டது என்பதே இங்கு ஆராயத்தக்கது. அவ்வாறு நோக்கின், பெருந்தோட்டப் பகுதியின் சமூக அமைப்பையே அச்சிறு தொகையினூடாகக் கண்டுகொள்ளலாம்.

கேகாலை மாவட்டத்தின் தென்கிழக்கு அந்தத்தில், அவிசாவளையிலிருந்து அட்டன் வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ளது கித்துல்கல. மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் கலந்து களனி கங்கையாக உருப்பெறுவது இதற்குச் சற்று மேலேயே. தாழ்ந்த சரிவுகளில் இறப்பர், உயர்ந்த சரிவுகளில் தேயிலை என்ற முறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இப்பள்ளத்தாக்கு முழுவதும் தோட்டங்களாயிற்று. 1902இல் அவிசாவளைக்கும் 1903இல் யட்டியாந்தோட்டைக்கும் ஒடுக்கமான இருப்புப் பாதை வந்து சேர்ந்தது. இறப்பரும் தேயிலையும் கொழும்புக்கு இறங்கின. அரிசியும் துரைமாருக்கான பொருட்களும் ஏறின. துரைமாரோடு அவர்தம் கழகங்களும் வந்தன. களனிப் பள்ளத்தாக்குக் கழகம் தல்துவையிலும், டிக்கோயா-மஸ்கெலியாத் துரைமாரின் கழகம் அட்டனுக்கு அண்மையில் டரவளையிலும், இவற்றுக்கெல்லாம் மகுடம்போல 1876இல் தொடங்கப்பெற்ற ஹில் கிளப் நுவரெலியாவிலும் இயங்கின.

இக்கழகங்களின் தேவையை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஒரு பங்களாவுக்கும் அடுத்த பங்களாவுக்கும் இடையே பல மைல் மலைப்பாதை. தொழில் பயில வந்த சின்னத்துரை இருபது வயது கடந்த தனியாள். பிரட்டுக்களத்திற் பேசும் தமிழ் அவனுக்குக் கட்டளையிடும் மொழியேயன்றி உறவாடும் மொழியன்று. வாரத்தில் ஒருநாள் தன் இனத்தவரைக் காணவும், டெனிஸ் ஆடவும், குடிக்கவும் அவனுக்கு ஓரிடம் வேண்டியிருந்தது. அவ்விடத்தை அமைத்த விதிகளே கவனிக்கத்தக்கவை.

புதிய உறுப்பினரை ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிதல் வேண்டும். பின்னர் இரகசிய வாக்கெடுப்பு; பெட்டியில் விழும் கறுப்புப் பந்துகள் குறித்த எண்ணிக்கையை எட்டினால் விண்ணப்பம் தள்ளப்படும். காரணம் கூறவேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை. கழகத்துள் காசு கைமாறுவதும் இல்லை. உறுப்பினர் 'சிட்' எனப்பட்ட துண்டுச் சீட்டில் கையொப்பமிடுவார். மாத முடிவில் கணக்கு வீடு தேடி வரும். அச்சொல் வட இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது என்பது வேடிக்கையான செய்தி: அச்சொல்லைப் பேசியவருள் எவரும் அதில் ஒப்பமிட அனுமதிக்கப்படவில்லை. விருந்தினர் சிட்டில் ஒப்பமிடுதல் ஆகாது. அவர் குடித்ததும் உண்டதும் ஆடியதும் நீந்தியதும் அழைத்து வந்தவரின் கணக்கிலேயே ஏறும். ஆகவே வருகையாளர் கட்டணம் என்பது பெயரளவிலேயே வருகையாளரின் கட்டணம். உண்மையில் அது உறுப்பினர் தம் விருந்தினருக்காகக் கொடுக்கும் பிணை. பணப்பையைக் காட்டி வாயிலைக் கடக்க எவராலும் இயலாதிருந்தது.

இவ்விதிகளுக்குப் பொருளாதார நியாயம் ஒன்று உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. நீச்சற் குளம் செலவு மிகுந்த உடைமை. நீரைக் கொணர்தல், வடித்தல், மாற்றல், பாசி பிடியாது காத்தல் ஆகிய செலவுகள், குளத்தில் ஒருவர் நீந்தினாலும் நூற்றுவர் நீந்தினாலும் பெரிதும் மாறுவதில்லை. சேர்வுக் கட்டணமும் மாதச் சந்தாவும் செலுத்தும் உறுப்பினர் அச்செலவைச் சுமக்கின்றனர். அயலில் வாழும் ஒருவர் நாள்தோறும் விருந்தினராகவே வந்து நீந்திச் செல்வாராயின் உறுப்பினராவதில் எவருக்கும் பயன் இராது. ஒரே விருந்தினரை மாதத்தில் இத்தனை முறைக்குமேல் அழைத்து வருதல் கூடாது, உள்ளூரில் வதிபவரை விருந்தினராக ஏற்றல் ஆகாது, வெளி மாவட்டத்தவரை ஏற்கலாம் என்றாற்போன்ற விதிகள் உலகெங்கும் கழகங்களிற் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. இன்றைய நீச்சற் கழகங்களும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. இக்கணக்கு இனத்தைப் பற்றியதன்று. ஆயினும் உள்ளூரவரை விலக்கி வெளியூரவரை ஏற்கும் விதி, தோட்டத்துரை மட்டுமே பல மைல் பயணஞ்செய்து வரக்கூடிய ஒரு நாட்டில், இனத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பிடாமலே அதைச் செய்து முடித்தது.

பெயர்சொல்லிக் குறிப்பிட்ட கழகங்களும் பலவாகும். ஹில் கிளப்பில் இலங்கையர் உறுப்பினராவதற்கு 1960களின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுதந்திரம் பெற்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. கொழும்பில் ஐரோப்பியர் கழகங்களின் வாயில் அடைபட்டிருந்தமையால், இலங்கையர் 1894இல் தமக்கென ஓரியன்ட் கழகத்தைத் தொடங்கி, அதில் ஐரோப்பியருக்கு இடமில்லை என்று வைத்துக்கொண்டனர். எதிர்வினை நியாயமானதே, எனினும் சட்டை உரித்த பாம்பு பாம்புதான். கங்காணிக்கோ கணக்கப்பிள்ளைக்கோ ஓரியன்ட் கழகமும் ஹில் கிளப்பும் ஒன்றே.

கழகத்துள் தமிழரே இல்லை என்று கொள்ளுதலும் தவறு. குசினியில் அப்பு, மதுச்சாலையிற் பரிமாறுபவன், பந்து பொறுக்கும் சிறுவன், குளத்தைத் தேய்த்துக் கழுவும் ஆள் என்று அவர்கள் நாள் முழுவதும் உள்ளேதான் இருந்தனர். உறுப்பினருமல்லர், விருந்தினருமல்லர், அவர்களுக்கு வாயிற் கட்டணம் இல்லை. குளத்தைக் கழுவுபவனின் உடல் நீரைத் தொடுதல் தடையன்று. அதே உடல் அதே நீரில் நீந்துதல் தடை. வேலையாளாக உள்ளே வருபவன் எல்லையை உறுதிசெய்கிறான். விருந்தினனாக வருபவனே எல்லையை அசைக்கிறான். ஜோர்ஜ் ஓர்வெல் 1934இல் வெளியிட்ட பர்மிய நாட்கள் என்னும் நாவலின் முடிச்சே இதுதான். பர்மியச் சிற்றூர்க் கழகமொன்றில் சுதேசி ஒருவரை உறுப்பினராக ஏற்பதா என்ற வினாவைச் சுற்றி அக்கதை இயங்குகிறது. உறுப்புரிமைக்காக ஏங்கும் மருத்துவரின் பெயர் வீராசாமி. நம்மவர் பெயர் ஆங்கில நாவலில் இடம்பெற்ற விதம் இது.

டெனிஸ் களத்தையும் மதுச்சாலையையும் விட நீச்சற் குளமே கடைசிவரை விடாப்பிடியாகக் காக்கப்பட்டது. அதற்குக் காரணங்கள் வெளிப்படை. குளத்தில் உடல் ஆடையின் மறைவை இழக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே நீரைப் பகிர்கின்றனர். ஒருவர் உடலைத் தொட்ட நீர் மற்றவர் உடலையும் தொடுகிறது. தீட்டு என்ற சொல்லை ஐரோப்பியர் பயன்படுத்தவில்லை, அவ்வளவே. சுகாதாரம் என்றனர்.

பம்பாயில் 1876ஆம் ஆண்டளவில், அதாவது ஹில் கிளப் தோன்றிய அதே காலத்தில், தொடங்கிய பிரீச் காண்டி நீச்சற் குளம் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. அதன் திறந்தவெளிக் குளம் பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் வரைபட வடிவில் அமைந்தது. இந்தியாவின் உருவில் நீந்தலாம், இந்தியர் நீந்துதல் ஆகாது என்ற நிலை சுதந்திரத்தின் பின்னரும் 1960கள்வரை தொடர்ந்தது. கல்கத்தாவில் 1887இல் தோன்றிய நீச்சற் கழகமும் இத்தகையதே. கொழும்பில் 1938இல் கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரம் கடலை நோக்கி எழுந்த கொழும்பு நீச்சற் கழகம் இவ்வரிசையிற் பிந்தியது. அதுவும் ஐரோப்பியருக்கென்றே அமைந்தது. சில ஆண்டுகளில் வெள்ளவத்தையில் கின்றோஸ் நீச்சல், உயிர்காப்புக் கழகம் எழுந்தது. அதற்குக் குளம் கடல்தான்.

கல்கத்தாக் கழகத்தின் வாயில் திறந்த வரலாறு தமிழருக்கும் ஒருவகையில் உறவுடையது. மிஹிர் சென் என்னும் வங்காளி, சட்டம் பயில இங்கிலாந்து சென்றவர், 1958 செப்டெம்பரில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அவ்வாறு கடந்த முதல் இந்தியர் அவரே. கல்கத்தா திரும்பி உயர் நீதிமன்றத்தில் வழக்குரைஞராய் அமர்ந்த அவருக்குக் கழகத்தின் வெள்ளையர்-மட்டும் விதி குறுக்கே நின்றது. கால்வாயை நீந்தியவர் கழகக் குளத்தில் இறங்க முடியவில்லை. அவர் பத்திரிகைகளின் வாயிலாகத் தொடர்ந்து கிளர்ச்சி செய்து அக்கழகத்தை இந்தியருக்குத் திறக்கச் செய்தார். அதே மிஹிர் சென் 1966 ஏப்ரிலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை பாக்கு நீரிணையை ஏறத்தாழ இருபத்தைந்தரை மணி நேரத்தில் நீந்தினார். அந்நீரிணையை அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1954இல், தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி நீந்திக் கடந்திருந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதைப் போகவும் மீளவும் நீந்தி, 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் உயிர் நீத்தார். வடமராட்சிக் கரையில் வாயிற்காவலன் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. அக்கரையிலிருந்து பெருநீச்சல் வீரர் எழுந்ததும், மலையகத்தின் தோட்டங்களிலிருந்து அத்தகைய ஒருவர் பெயர் கேட்கப்படாததும் உடல்வலிமையின் வேறுபாடு அன்று.

வருகையாளர் கட்டணத்தின் உட்பொருளை நீதிமன்றத்திலேயே அம்பலமாக்கிய பெருமை அமெரிக்க வழக்குகள் சிலவற்றைச் சாரும். ஆர்க்கன்சா மாநிலத்தில் லிற்றில் றொக் நகருக்கு மேற்கே லேக் நிக்சன் என்னும் 232 ஏக்கர் நீராட்டு உல்லாச நிலையம் ஒன்று இருந்தது. 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டம் பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தது. தனியார் கழகங்களுக்கு மட்டும் விலக்களித்தது. உடனே அந்நிலையம் தன்னைத் தனியார் கழகம் என்று அழைத்துக்கொண்டது. வாயிலில் 25 சதம் கொடுத்தால் ஓர் அட்டை கிடைக்கும். அட்டை பெற்றவர் அப்பருவத்துக்கு உறுப்பினர். ஒரு பருவத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வெள்ளையர் இவ்வாறு "உறுப்பினர்" ஆயினர். கறுப்பர் கேட்டால் இடம் நிரம்பிவிட்டது என்பது விடை. நேற்றுவரை நுழைவுக் கட்டணமாயிருந்த பணம் இன்று சந்தாவாயிற்று. வேறு எதுவும் மாறவில்லை. 1969 ஜூன் மாதம் டானியல் எதிர் போல் என்னும் வழக்கில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் இப்பெயர்மாற்றத்தை ஏற்க மறுத்தது. அந்நிலையத்தின் சிற்றுண்டிச்சாலையில் விற்ற உணவுக்கான பண்டங்கள் வேறு மாநிலங்களிலிருந்து வந்தவை, ஆகவே அது மாநிலங்களிடை வணிகத்துக்கு உட்பட்டது என்ற நூலிழையைப் பற்றிக்கொண்டே நீதிமன்றம் அத்தீர்ப்பை எட்டியது என்பது சட்டத்தின் நடையையும் காட்டுகிறது.

அதனினும் பொருத்தமானது மேரிலாந்து மாநிலத்து வீற்றன்-ஹேவன் வழக்கு. 1958இல் அமைந்த அச்சங்கம் அயலிலுள்ள குடும்பங்களுக்கு மட்டும் உரிய நீச்சற் குளமொன்றை நடத்தியது. உறுப்பினரும் அவர்தம் விருந்தினரும் மட்டுமே உள்ளே வரலாம்; கட்டணம் செலுத்தி வேறெவரும் நுழைய இயலாது. 1968 ஜூலையில் வெள்ளையின உறுப்பினர் குடும்பம் ஒன்று கறுப்பினப் பெண்மணி ஒருவரை விருந்தினராக அழைத்து வந்தது. அன்று அவர் அனுமதிக்கப்பட்டார். மறுநாளே நிருவாகசபை சிறப்புக் கூட்டம் கூடி, இனி உறுப்பினரின் உறவினர் மட்டுமே விருந்தினராகலாம் என்று விதி செய்தது. அவர் மீண்டும் வந்தபோது திருப்பி அனுப்பப்பட்டார். ஒரே நாளில் விருந்தோம்பலின் இலக்கணம் மாறிவிட்டது. 1973 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒருமனதாக, அயலவர் எல்லோருக்கும் இனம் ஒன்றைத்தவிர வேறு தேர்வுமுறை இன்றித் திறந்திருக்கும் சங்கம் தனியார் கழகம் எனத் தன்னைக் கூறிக்கொள்ள முடியாது எனத் தீர்த்தது. இதற்கு இரண்டாண்டுகள் முன், 1971இல், மிசிசிப்பி மாநிலத்து ஜக்சன் நகரம் கறுப்பரோடு நீரைப் பகிர்வதினும் தன் நகரக் குளங்களை மூடிவிடுவதே மேல் என்று செய்ததை அதே நீதிமன்றம் அனுமதித்திருந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. ஜெவ் வில்ற்சி என்னும் வரலாற்றாசிரியர் 2007இல் வெளியிட்ட நூல் அந்நாட்டின் நீச்சற் குளங்களின் சமூக வரலாற்றை விரிவாக ஆராய்கிறது.

அமெரிக்கப் பெண்மணியின் நிலையைச் சபரகமுவைத் தோட்டத் தொழிலாளியின் நிலையோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு உடனே புலப்படும். அவருக்கு மறுக்கப்பட்டது அயலாரின் குளம். தோட்டத் தொழிலாளிக்கோ, தன் லயத்து வாசலில் தன் விருந்தினரை வரவேற்கும் உரிமையே ஐயத்துக்குரியதாயிருந்தது. தோட்டம் முழுவதும் தனியார் உடைமை. லயமும் அதனுள் அடக்கம். துரையின் இசைவின்றி உள்ளே வருபவர் அத்துமீறியவர். தொழிற்சங்க அமைப்பாளர்க்கு எதிராக இச்சட்டம் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டது. 1920களில் கோ. நடேசய்யர் தோட்டங்களின் உள்நிலையை அறிய விரும்பியபோது, புடவை வியாபாரி வேடம் பூண்டே உள்ளே சென்றார் என்பது மலையக வரலாற்றில் யாவரும் அறிந்த செய்தி. புடவை விற்பவனுக்கு வாயில் திறக்கும். பேச வருபவனுக்குத் திறவாது. கழகத்தில் பரிமாறுபவன் உள்ளே இருக்கலாம், விருந்தினன் ஆகலாகாது என்ற அதே நியதி இங்கும் தொழிற்படுகின்றது.

எல்லையை உள்ளிருந்து கடந்தவரும் பொறுத்துக்கொள்ளப்படவில்லை. மடுல்கலைப் பகுதியில் தொழில் பயின்ற அவுஸ்திரேலிய இளைஞர் மார்க் அந்தனி பிறேஸ்கேடில் தொழிலாளரோடு ஒருவராகப் பழகினார், சமசமாஜக் கட்சி மேடைகளில் துரைமாரைக் கண்டித்தார். 1937இல் ஆளுநர் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாது என்றது.

இப்பொருளில் கேகாலை மாவட்டத்துக்குரிய சிறப்பான வழக்கு நேவ்ஸ்மயர் தோட்டத்தினுடையது. உருளவள்ளி என்று தொழிலாளர் வழங்கும் அத்தோட்டத்தை அரசாங்கம் கிராம விரிவாக்கத்துக்கெனச் சுவீகரித்தது. அங்கு வாழ்ந்த நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வெளியேறப் பணிக்கப்பட்டனர். காணியற்ற சிங்களக் கிராமத்தவரின் குறை உண்மையானது. அதைத் தீர்க்கும் வழியாகத் தோட்டத் தொழிலாளரை வீதிக்கு அனுப்புவது தெரிவுசெய்யப்பட்டது. அவர்கள் அசைய மறுத்தனர். 1946இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் அழைப்பில் அவர்களுக்கு ஆதரவாகப் பெரும் வேலைநிறுத்தம் எழுந்து மூன்று வாரம் நீடித்தது. தம் வீட்டிலேயே தங்கியிருந்தமைக்காகத் தொழிலாளர்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுள் ஒருவர் பெயர் செல்வநாயகம்; தமிழரசுக் கட்சித் தலைவர் அல்லர், தொழிலாளி. அவர் வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம்வரை சென்றது. பெயரளவில் அதுவும் ஒரு கழகமே. ஆனால் அவரை உள்ளே அனுமதித்தது. 1950இல் அந்நீதிபதிகள் கூறிய தீர்ப்பின் சாரம் இது: உரிமை உண்டு என்று உண்மையாக நம்பி ஓரிடத்தில் தங்கியிருப்பவர், அந்நம்பிக்கை சட்டத்திற் பிழையானதாயினும், குற்றவாளியாகார், அவரது முதன்மையான நோக்கம் உடைமையாளரைத் தொந்தரவு செய்தலன்று, வேறு போக்கிடமின்றித் தன் வீட்டில் இருத்தலே. தீர்ப்பு வந்தபோது 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒரு லயத்து அறையில் அத்துமீறியவரல்லர் என்று தீர்க்கப்பட்டவரின் சமூகம், நாடு முழுவதிலும் வருகையாளராக ஆக்கப்பட்டிருந்தது.

வெள்ளையர் குளங்களைப் பற்றி எழுதும்போது நம்மவர் கிணறுகளை விட்டுவிடுதல் வரலாற்று நேர்மையாகாது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் வாளியைத் தொடும் உரிமை சாதியால் நிர்ணயிக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட மக்கள் பிறர் இறைத்து ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்றனர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பிறந்தது பிரித்தானியரை நோக்கியன்று. மகாராஷ்டிரத்து மகாட் நகரில் 1927 மார்ச்சில் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியது, பிரீச் காண்டியில் இந்தியர் நீந்துவதற்கு முப்பதாண்டுகளுக்கு மேல் முன்னர். கழக வாயிலில் நிறுத்தப்பட்டபோது கொதித்த உயர்குடி இந்தியரும் இலங்கையருமான பலர், தம் வீட்டுக் கிணற்றடியில் அதே வாயிற்காவலராய் இருந்தனர். ஐரோப்பியரிடம் இருந்தது அச்சிட்ட விதிப்புத்தகம். அவர்களிடம் அதுவும் தேவைப்படவில்லை.

1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தமும், 1975இல் கம்பெனித் தோட்டங்கள் தேசியமயமானதும் வெள்ளைத் துரைமார் யுகத்தை முடித்தன. கழகங்கள் முடியவில்லை. பங்களாக்களுக்குக் குடிவந்த இலங்கைத் துரைமார் கழகங்களுக்கும் உறுப்பினராயினர். 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் இதில் மாற்றமில்லை. நிற எல்லை மறைந்த இடத்தில் பணம் வந்து நின்றது. ஹில் கிளப் இதற்குச் சுவையான சான்று. அங்குத் தங்காது வருவோரும் சிறுதொகை செலுத்தித் தற்காலிக உறுப்பினராகலாம் என்ற ஏற்பாடு வந்தது. மாலை வேளையில் மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணியவேண்டும், இல்லாதவர்க்குக் கழகமே இரவல் தரும். ஒருகாலத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாதிருந்த உறுப்புரிமை, இன்று ஒரு மாலைப் பொழுதுக்கு விலைக்குக் கிடைக்கிறது. இதை முன்னேற்றம் அல்ல என்று சொல்வாரும் உளர். கறுப்புப் பந்தினும் கட்டணப் பலகை மேலானது என்பதே சரியான கணிப்பாகும்: பலகையில் எழுதிய தொகையைப் பார்த்து ஒருவர் வாதாடலாம், பெட்டிக்குள் விழுந்த பந்தோடு வாதாட முடியாது. ஆயினும் நாட்சம்பளக்காரருக்கு இரண்டும் ஒரே வாயிலில்தான் நிற்கின்றன.

கித்துல்கல இம்மாற்றத்தின் வேறொரு வடிவத்தைக் கண்டது. டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்' என்ற திரைப்படத்துக்காக இங்குக் களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டப்பட்டு, 1957 மார்ச்சில் படப்பிடிப்புக்காகவே தகர்க்கப்பட்டது. உண்மையான சயாம்-பர்மா இருப்புப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்க்கு அப்படத்தின் கதையில் இடமிருக்கவில்லை. தமிழ்த் தொழிலாளர் வாழும் பள்ளத்தாக்கு அதற்குப் பின்னணியாயிற்று. ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற அப்படம் கித்துல்கலைக்கு உல்லாசப் பயணிகளைக் கொணர்ந்தது. அவர்களைத் தொடர்ந்து நுரைநீர்ப் படகோட்டம் ஒரு தொழிலாக வளர்ந்தது. ஆற்றில் இறங்குவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணம் இவ்வூருக்கு வந்தது இவ்வாறே. ஆறு எவருடைய உடைமையும் அன்று. கட்டணம் படகுக்கும் வழிகாட்டிக்குமானது. வழிகாட்டிகளுள் பலர் உள்ளூர் இளைஞர். வருகையாளர் செலுத்தும் தொகை உள்ளூரவருக்குப் போய்ச் சேர்வது கழக வரலாற்றில் இல்லாத புதுமை.

ஆற்றின் நீரும் இன்று இயல்பாக வருவதன்று. 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்ஷபான முதலாக மேலே வரிசையாக அமைந்த மின்நிலையங்கள் அதன் போக்கை ஆள்கின்றன. கித்துல்கலைக்கு மேலே அமைந்த 35 மெகாவாற்றுப் பிராட்லண்ட்ஸ் திட்டம் நுரைநீரைக் குறைத்துவிடும் என்று படகோட்டத் தொழிலினர் எதிர்த்தனர். படகோட்டத்துக்கென நீர் திறந்துவிடுதல் பற்றிய பேச்சு அவ்வெதிர்ப்பிலிருந்தே எழுந்தது. தோட்டத்து லயங்களில் வாழ்வோர் இப்பேச்சுக்கு வெளியே நின்றனர். அவர்களுக்கு நீர் என்பது மலைச்சரிவிலிருந்து குழாயிலோ மூங்கிலிலோ வடியும் பீலி. விடுமுறை நாளில் மட்டும் ஆறு.

இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். ஆறுகளிலும் குளங்களிலும் குளிக்கச் சென்றோர் அவர்களுட் பலர். நீந்தக் கற்பதற்குக் குளம் வேண்டும், கற்பிப்பவர் வேண்டும், இரண்டுக்கும் கட்டணம் உண்டு. கித்துல்கலையில் படகேறும் வருகையாளருக்குத் தலைக்கவசமும் மிதவை அங்கியும் தரப்படுகின்றன; அவை கட்டணத்துள் அடக்கம். அதே கங்கையில், அதே வளைவுகளுக்குக் கீழே, கட்டணமின்றிக் குளிக்க இறங்குவோர்க்கு அவை இல்லை.